ஊசலும் உணரியும்

1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் நிகழ்ந்த ஒன்றை நில அளவை வரலாறு படிப்போர் அறிவர்; தமிழ் படிப்போர் அறிதல் அரிது. இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களாகப் பகுத்து அளந்து வந்த வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படைத்துறையாளர், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமளக்கும் பெருங்கருவியை அக்கோயிலின் விமானத்தின்மேல் ஏற்ற முற்பட்டார். காவிரிச் சமவெளியில் குன்றுகள் அருகியே உள்ளன. தென்னந்தோப்புகளுக்கு மேலே நின்று நெடுந்தொலைவு நோக்கவேண்டுமாயின் கோயில் உச்சியை விட்டால் வேறு இடமில்லை. ஏற்றும்போது கருவி சுவரில் உராயாதபடி ஒரு கயிறு அதனை வெளிப்புறமாக இழுத்துப் பிடித்திருந்தது. அக்கயிறு அறுந்தது. தொங்கிய பெட்டி ஊசலாகி வீசிச் சுவரில் மோதிற்று. உள்ளிருந்த கருவி சிதைந்தது. லாம்டன் மனம் தளராமல் வாரக்கணக்கில் உழைத்துத் தம் கையாலேயே அதனைச் செப்பம் செய்தார் என்பர்.

கயிற்றில் தொங்கும் பாரம் எதுவாயினும் அஃது ஊசலே. அதே தஞ்சைச் சாலையில்தான் நம் துவாக்குடியும் உள்ளது. திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை எழுந்தபின், அதற்குத் துணைசெய்யும் இரும்புப் பட்டறைகள் துவாக்குடியில் பெருகின. அங்கே நாள்தோறும் கிரேன் கொக்கியில் டன் கணக்கான எஃகு தொங்குகிறது, நகர்கிறது, ஆடுகிறது. கொக்கிக் கயிற்றின் நீளம் 10 மீட்டர் எனின், பாரம் ஒரு முறை போய்த் திரும்ப ஆறேகால் நொடிக்குச் சற்று மேலாகும். பாரம் 1 டன்னாயினும் 20 டன்னாயினும் காலம் அதுவே. பழகிய கிரேன் ஓட்டுநர் இதனை எந்த நூலிலும் படித்ததில்லை. பாரம் முன்னே வீசிச் செல்லும் நேரம் பார்த்துக் கிரேனையும் அதன் தலைக்குமேல் கொண்டுபோய் நிறுத்துவார், ஆட்டம் அடங்கிவிடும். அவருடைய உணரி அவருடைய கண். அது பாரத்தின்மேல் ஒட்டப்பட்டதன்று. எட்ட இருந்து நோக்குவது. இதனை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தமிழ்த்துறை மலரில் ஊசலுக்கும் உணரிக்கும் என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். இயற்பியல் மாணவர் சிலர், கல்லூரியில் ஒரு பெரிய ஊசலைத் தொங்கவிட்டு, அதன் இயக்கத்தை மின்னணுக் கருவியால் அளந்து, அதற்குத் தமிழில் விளக்கப் பலகையும் வைக்க விரும்பினர். கலைச்சொற்கள் கேட்டு என்னிடம் வந்தனர். கருவி எதற்கு என்று கேட்டேன். “சார், உணரி வாங்கியாயிற்று, இனிமேல்தான் எதை அளப்பது என்று பார்க்கவேண்டும்” என்றார்கள். இவ்வொரு விடையே இக்கட்டுரைக்குக் காரணம்.

இம்மாணவர்களைக் குறைசொல்லும் நோக்கம் எனக்கில்லை. இன்று சில நூறு ரூபாய்க்கு விரல்நகம் அளவுள்ள உணரி கிடைக்கிறது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை முழுமையாகச் செய்து, அறிக்கையையும் அச்சிட்டுக் கட்டிக் கொடுக்கும் கடைகளும் ஊர்தோறும் உள்ளன. திரையில் அலை அலையாகக் கோடு ஓடினால் தேர்வாளரும் தலையசைத்துவிடுகிறார். அந்தக் கோடு எதனுடைய கோடு என்று கேட்பார் இல்லை. எதனை அறியவேண்டும் என்பது முதலாகவும், எதனால் அறிவது என்பது அதன் வழிவந்ததாகவும் இருத்தல் வேண்டும். நம்மிடையே இவ்வரிசை தலைகீழாகிவிட்டது என்பதே என் கருத்து.

ஊசல் என்பது தமிழில் முதற்கண் ஊஞ்சலையே குறித்தது. சிலப்பதிகாரத்தில் ஊசல்வரி உண்டு. திருவரங்கத்தில் இன்றும் ஊஞ்சல் உற்சவம் உண்டு. நம் இல்லங்களின் கூடத்திலும் சங்கிலி கோத்த ஊஞ்சற்பலகைகள் ஆடியதுண்டு. அந்தப் பலகையில் பாதி நீர் நிறைந்த குவளை ஒன்றை வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். பலகை சாயும்போது நீர் ஒருபுறம் வழிந்துவிடும் என்று எதிர்பார்ப்போம். வழியாது. நீரின் மேற்பரப்பு பலகையோடு சேர்ந்தே சாயும். குவளைக்குள் ஓர் எறும்பு இருந்து நீரை மட்டுமே நோக்கினால், தான் சாய்ந்ததையே அது அறியாது.

மாணவர்கள் வாங்கி வந்த உணரியின் ஒரு பகுதியாகிய முடுக்கமானி அந்த எறும்பின் நிலையில் இருப்பது. மேசைமேல் வைத்த முடுக்கமானியைச் சற்றே சாய்த்தால் அது சாய்வைச் சரியாகச் சொல்கிறது. எனவே ஊசற்குண்டில் அதனை ஒட்டினாலும் சாய்வைச் சொல்லும் என்று கருதிவிடுகிறார்கள். இங்கேதான் சறுக்கல். மேசைமேல் இருக்கும் பொருளை மேசை தாங்குகிறது. அந்தத் தாங்கும் விசையைத்தான் முடுக்கமானி உணர்கிறது. ஊசற்குண்டைத் தாங்குவதோ கம்பி ஒன்றே. கம்பி தன் நீளவாக்கில் மட்டுமே இழுக்கும், பக்கவாட்டில் தள்ளாது. ஆகவே குண்டு வீசிச் செல்லும் திசையில் முடுக்கமானி காட்டும் அளவு, காற்றின் சிறு தடையை நீக்கிப் பார்த்தால், சுழியமே. குண்டு ஐந்து பாகை சாய்ந்திருந்தாலும் ஐம்பது பாகை சாய்ந்திருந்தாலும் ‘யான் நேரே நிற்கின்றேன்’ என்றே அது சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது ஒன்று, அதற்குத் தெரிந்தது மற்றொன்று.

இங்கே சொல்லாராய்ச்சி பயின்ற எனக்கு ஒரு சிறு வழக்கும் உண்டு. முடுக்கமானி என்னும் பெயரே இம்மயக்கத்திற்குத் துணைபோகிறது. அசையாமல் மேசையில் கிடக்கும் பொருளுக்கு முடுக்கம் ஏது? ஆயினும் அக்கருவி அப்போது புவியீர்ப்பின் முழு அளவைக் காட்டும். கையிலிருந்து நழுவி விழும் பொருளுக்கு முழு முடுக்கம் உண்டு. கருவியோ அப்போது சுழியம் காட்டும். ஆங்கிலப் பெயரில் உள்ள குறையை நாம் அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டோம். ‘தாங்குவிசைமானி’ என்று வைத்திருந்தால், பத்தாம் வகுப்பு மாணவனும் அதனை ஊசலில் ஒட்டுமுன் ஒரு நொடி எண்ணிப் பார்த்திருப்பான். கலைச்சொல்லாக்கம் என்பது அகராதியைப் புரட்டுவதன்று. பொருளின் தொழிலை அறிந்து பெயரிடுவது. இதனைத் தமிழாசிரியர் தனியே செய்யவும் இயலாது, இயற்பியலாசிரியர் தனியே செய்யவும் இயலாது.

நிற்க. முடுக்கமானி முற்றும் பயனற்றதோ எனின், அன்று. கம்பியின் நீளவாக்கில் அதனை நோக்கச் செய்தால் கம்பியின் இழுவிசையை அது உணரும். குண்டு அடிநிலையைக் கடக்கும்போது இழுவிசை மிகும், இருகோடியிலும் குறையும். ஐந்து பாகை வீச்சுள்ள ஊசலில் இந்த ஏற்றத்தாழ்வு புவியீர்ப்பில் நூற்றில் ஒரு பங்கிற்குச் சற்றே மேல். கம்பி எவ்வளவு நீளமாயினும் இவ்விகிதம் மாறாது. சிறிதாயினும் இக்காலத்து உணரிகள் இதனைக் காணும். ஆனால் ஒரு முழு ஆட்டத்தில் குண்டு அடிநிலையை இருமுறை கடப்பதால் திரையிலும் இரு மேடுகள் தோன்றும். இதனை அறியாதவர் அலைவுக்காலத்தைப் பாதியாக எழுதிவிடுவர்.

அதே சில்லில் கைரோ என்னும் சுழல்மானியும் சேர்ந்தே வருகிறது. மாணவர்கள் பெரிதும் வாங்கிய எம்.பி.யு. 6050 என்பதில் இரண்டும் உண்டு. சுழல்மானி, பொருள் ஒரு நொடிக்கு எத்தனை பாகை திரும்புகிறது என்பதைச் சொல்லும். ஊசலுக்கு இது முன்னதைவிடப் பொருத்தம். ஆயின் இங்கும் தெரிவு ஒன்று உண்டு. நொடிக்கு 250 பாகை முதல் 2000 பாகை வரை நான்கு எல்லைகளில் ஒன்றை நாம் அமைத்துக்கொள்ளலாம். 10 மீட்டர் ஊசல், ஐந்து பாகை வீச்சு எனின், மிகு வேகமே நொடிக்கு ஐந்து பாகைதான். இதற்கு 2000 பாகை எல்லையை வைப்பது, காந்தி மார்க்கெட் மண்டித் தராசில் ஒரு முழம் மல்லிகையை நிறுப்பது போலாம். மிகக் குறைந்த எல்லையை வைத்தாலும் அதில் நூற்றில் இரண்டு பங்கையே நம் ஊசல் பயன்படுத்துகிறது. பெரிய ஊசல் என்றால் பெரிய அளவெல்லை வேண்டும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம், உண்மை நேர்மாறானது. ஊசல் நீள நீள அதன் இயக்கம் மெதுவாகும். மெதுவான இயக்கத்தை அளக்கவே நுண்மை வேண்டும். மேலும் சுழல்மானிக்கு மெல்ல மெல்லப் பிறழும் இயல்பு உண்டு. ஆடாமல் நிற்கும்போதும் ஏதோ சிறிது திரும்புவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் ஊசலை அசையாமல் நிறுத்தி அந்தப் பிறழ்வைக் குறித்துக்கொண்டு பின்னர்க் கழிக்கவேண்டும். குண்டிலிருந்து கணினிக்குக் கம்பி இழுப்பதும் கூடாது; அக்கம்பியே ஊசலின் ஆட்டத்தை உண்டுவிடும்.

மீயொலி உணரியைக் கீழே வைத்துக் குண்டு வரும் தொலைவை அளக்கலாமே என்றான் ஒரு மாணவன். அலமாரியின் சமதளப் பலகைக்கு அது நன்று. உருண்டைக் குண்டில் பட்ட ஒலி நாற்புறமும் சிதறும். அன்றியும் நம் ஊர்க் காற்று காலையில் 25 பாகை செல்சியசும் நண்பகலில் 35 பாகையும் காட்டும்போது, காற்றில் ஒலியின் வேகம் நூற்றில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு மாறிவிடுகிறது. திருச்சி வெயிலில் அளவுகோலே நீண்டு சுருங்கினால் என் செய்வது?

என் தெரிவு ஒளிவாயில். குண்டின் அடியில் ஒரு மெல்லிய முள். அடிநிலையில் ஒருபுறம் சிறு லேசர் விளக்கு, மறுபுறம் ஒளியுணரி. முள் ஒளியை மறைக்கும் கணத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். 10 மீட்டர் ஊசல் அரை மீட்டர் வீச்சில் ஆடும்போது, இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளிக்கற்றையை முள் நான்கு மில்லிநொடியில் கடந்துவிடும். எனவே காலக்கணிப்பு மில்லிநொடி அளவில் அமையும். அனைத்தினும் மேலாக, இது ஊசலைத் தொடுவதேயில்லை. துறைமுகங்களிலும் பெரிய ஆலைகளிலும் கிரேனின் பாரம் ஆடுவதைத் தடுக்க மேலிருந்து கீழ்நோக்கும் ஒளிப்படக் கருவியைப் பொருத்துகிறார்களே, அதுவும் இவ்வழியே. துவாக்குடி ஓட்டுநரின் கண் செய்ததும் இதுவே.

ஆனால் அலைவுக்காலம் மட்டுமே வேண்டுமாயின், ஒளிவாயிலும் தேவையில்லை என்பதை இளைஞர்கள் விரும்பாவிட்டாலும் சொல்லியாகவேண்டும். கையில் நிறுத்துக்கடிகாரம் பிடித்தவனுக்கு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிழை நேரும். நூறு ஆட்டங்களை எண்ணி நூறால் வகுத்தால் அப்பிழை ஓர் ஆட்டத்திற்கு ஒன்றிரண்டு மில்லிநொடியாகக் குறைந்துவிடும். நூறு ஆட்டத்திற்குப் பத்தரை நிமிடம். அந்தப் பத்தரை நிமிடம் எண்ணிக்கை தவறாமல் நிற்கும் பொறுமைதான் கடையில் கிடைப்பதில்லை. வீச்சு குறையக் குறைய அலைவுக்காலம் மில்லிநொடி அளவில் எவ்வாறு மாறுகிறது, காற்று எவ்வளவை உண்கிறது என ஆட்டந்தோறும் கேட்கப் புகும்போதே உணரிக்கு உண்மையான வேலை வருகிறது. ஐந்து பாகை வீச்சில் நம் ஊசலின் காலம், மிகச் சிறு வீச்சில் இருப்பதைவிட மூன்று மில்லிநொடி மிகும். அதனை ஒளிவாயில் ஆட்டத்துக்கு ஆட்டம் காட்டும்.

தொடாமல் நோக்குவது புதிதன்று. 1865இல் தொடங்கி, இந்திய நில அளவைத் துறையினர் நாடு முழுவதும் ஊசலைக்கொண்டு புவியீர்ப்பை அளந்தனர். குமரிமுனைக்கருகிலுள்ள புன்னையிலிருந்து லடாக் வரை அவ்வூசல்கள் பயணம் செய்தன. அளவையை நடத்திய காப்டன் பசேவி 1871இல் லடாக்கின் உயர்வெளியில் பணியிலேயே உயிர்நீத்தார். ஹெவிசைடு 1873இல் நிறைவுசெய்தார். சோதனை ஊசல் ஒன்று, அதற்குப் பின்னே கடிகார ஊசல் ஒன்று. இரண்டும் ஒன்றிச் செல்லும் கணத்தைத் தொலைநோக்கியால் எட்ட இருந்து குறிப்பர். முஸ்லிம்கள் வாழும் மினிக்காய்த் தீவிலும் அவ்வளவை நிகழ்ந்தது. கடலோரத்தில் ஈர்ப்பு உள்நாட்டைவிட மிகுதி, கடல் நடுவிலுள்ள தீவில் மேலும் மிகுதி என்னும் வியப்பான முடிவு அதனால் கிடைத்தது. வெறுங்கண்ணும் பொறுமையும் கண்ட முடிவு அது.

ஊசல் என்றவுடன் நம் மேடைகளில் தவறாமல் எழும் ஒரு பெயரையும் இங்கே பேசவேண்டும். ஊசலைக் கண்டுபிடித்தவர், அதனால் காலத்தை அளந்தவர் பத்தாம் நூற்றாண்டின் எகிப்து வானியலறிஞர் இப்னு யூனுஸ் என்று மீலாது மேடைகளிலும் மலர்க் கட்டுரைகளிலும் கேட்டு வருகிறோம். இச்செய்திக்கு அரபு மூலச் சான்று ஏதுமில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஒருவர் எழுதிய தவறான குறிப்பிலிருந்து இது கிளைத்துப் பரவியது என்பதை, இஸ்லாமிய வானியல் ஆய்வாளர் டேவிட் கிங் 1979இல் விளக்கிவிட்டார். ஊசலின் ஒத்த காலத்தை ஆராய்ந்தவர் கலிலியோ. ஊசற் கடிகாரத்தை 1656இல் அமைத்தவர் ஹைகன்ஸ். இதனால் இப்னு யூனுஸின் பெருமை ஓர் அணுவும் குறையாது. கெய்ரோவில் அவர் எழுதிய அல்-ஸீஜ் அல்-ஹாக்கிமீ என்னும் பெருநூலில் உள்ள கிரகணக் குறிப்புகளை, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க வானியலறிஞர் நியூகோம் நிலவின் இயக்கத்தை ஆராயப் பயன்படுத்தினார். கண்டதைக் கண்டவாறே, கூட்டாமலும் குறைக்காமலும் அவர் எழுதிவைத்ததே காரணம். அத்தகையவர் பெயரில் அவர் செய்யாததை ஏற்றுவது அவருக்குச் செய்யும் சிறப்பாகுமா? அளவில் மோசடி செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. நாழியும் தராசும் பிடிப்பவர்க்கு மட்டும் உரியது அது என்று நாம் கருதுகிறோம் போலும். வரலாற்றையும் கூட்டி நிறுக்கலாகாது.

பெருமைப்பட வேண்டுமாயின் அருகிலேயே ஒருவர் இருக்கிறார். தஞ்சையில் சிதைந்த லாம்டனின் கருவியைப் பின்னாளில் எவரெஸ்ட் காலத்தில் புதுப்பித்தவர் பாரோ என்னும் ஆங்கிலக் கருவியாளர். பாரோவுக்குப் பின் நில அளவைத் துறையின் கணிதக் கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் காத்த பொறுப்பில் அமர்ந்தவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையித் மீர் மொஹ்ஸின் ஹுஸைன். சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலைபார்த்தவரை, அவர் கைத்திறன் கண்டு கர்னல் பிளாக்கர் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். அவர் திறமையை எவரெஸ்ட் மனமாரப் பாராட்டினார். நம் மேடைகளில் கெய்ரோவின் பெயர் ஒலிக்கிறது. ஆற்காட்டின் பெயரை நான் இதுவரை ஒரு மேடையிலும் கேட்டதில்லை. எங்கள் மாணவர் எவரேனும் இவரைப்பற்றி ஆய்வு செய்ய முன்வந்தால், ஆங்கில ஆவணங்களோடு ஆற்காட்டுப் பாரசீக, உருதுக் குறிப்புகளையும் தேடிப் பார்க்கவேண்டும்.

இனி நம் ஊசலுக்கு வருவோம். 2023இல் திறக்கப்பெற்ற புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் 22 மீட்டர் உயரத்திலிருந்து 36 கிலோ எடையுள்ள ஃபூக்கோ ஊசல் தொங்குகிறது. புவி சுழல்வதால் அதன் ஆடுதளம் மெல்லத் திரும்பி, தில்லியின் நிலையில் ஒரு சுற்று முடிக்க 50 மணிக்குச் சில நொடிகளே குறையும். 1851இல் பாரிசில் ஃபூக்கோ 67 மீட்டர்க் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டுக் காட்டியதும் இதுவே. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இத்திருப்பம் மெதுவாகும். திருச்சியிலோ துவாக்குடியிலோ தொங்கவிட்டால் மணிக்கு மூன்று பாகைக்கும் சற்றுக் குறைவு. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 128 மணி. இதனை மலிவான சுழல்மானி காணாது. அதன் பிறழ்வே இதனை விழுங்கிவிடும். தரையில் வரைந்த வட்டமும் நெருக்கமாக நட்ட சிறு குச்சிகளும் போதும்.

ஆகவே உணரிக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல எஃகுக் கம்பிக்கும், உருண்டையாகக் கடைந்த இரும்புக் குண்டிற்கும், எல்லாத் திசையிலும் ஒரே தன்மையாக ஆடவிடும் மேற்பிடிக்கும் செலவிடுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னேன். குண்டு கடைய துவாக்குடியில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. மாடிப்படிகளின் நடுவெளி 10 மீட்டருக்கு இடம் தரும். எந்த உத்தரத்தில் கட்டலாம் என்பதைக் கட்டடப் பொறியாளர் சொல்லவேண்டும். குண்டை ஒரு நூலால் இழுத்துக் கட்டி, நூலை எரித்து விடுவித்தால் பக்கவாட்டுத் தள்ளல் நேராது. நேர்ந்தால் ஊசல் நீள்வட்டமாகச் சுற்றிக் கணக்கைக் கெடுக்கும். சில மணி நேரத்தில் ஆட்டம் தளரும். அப்போது கடைசியாகக் குறித்த கோட்டிலேயே மீண்டும் இழுத்து விடவேண்டும். விடுதி மாணவர் முறைவைத்துக் காவலிருக்கலாம். சனிக்கிழமை அஸர் தொழுகை முடித்துத் தொடங்கினால், வியாழன் நள்ளிரவு வாக்கில் ஊசல் தொடங்கிய கோட்டிற்கே வந்து சேரும். மறுநாள் ஜும்ஆவுக்கு இடையூறில்லை. விளக்கப் பலகைக்குரிய சொற்களை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். கணக்கை இயற்பியல் துறையினர் ஒருமுறை சரிபார்த்துத் தரவேண்டும்.